கழிவுநீரில் ஒளிந்திருக்கும் மின்சாரம்

கிராமத்துத் தோட்டங்களில் சாண எரிவாயுக் கலனைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுச் சாணத்தை நீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். காற்றுப் புகாத அந்தத் தொட்டிக்குள் பாக்டீரியாக்கள் சாணத்தைச் சிதைக்கின்றன. அப்போது உண்டாகும் வாயு, குழாய் வழியே அடுப்புக்கு வந்து நீலச் சுடராக எரிகிறது. சாணத்தில் எரிபொருள் இருக்கிறது என்றால் இன்று யாரும் வியப்பதில்லை.

ஆனால், நம் வீட்டுச் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் சாக்கடைக் குழாய்க்குள் செல்லும் கழிவுநீரிலும் எரிபொருள் இருக்கிறது என்றால் சற்றுத் தயங்குவோம். கழிவுநீரை 1000 பங்காகப் பிரித்தால், ஏறத்தாழ 999 பங்கு வெறும் நீர்தான். எஞ்சிய ஒரே ஒரு பங்குதான் அழுக்கு.

அந்த ஒரு பங்கைப் பற்றியதே இக்கட்டுரை. அதை நீக்குவதற்காக நகரங்கள் இரவும் பகலும் மின்சாரத்தைச் செலவிடுகின்றன. வியப்பு என்னவென்றால், அதை நீக்கத் தேவைப்படும் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு ஆற்றல் அந்த அழுக்கிலேயே அடங்கியிருக்கிறது!

இது வெறும் வேடிக்கைக் கணக்கு அன்று. சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது ஒரு முறை செய்யும் செலவு. மின்கட்டணமோ மாதந்தோறும் வரும் செலவு. கட்டணம் கட்ட முடியாமலோ, மின்சாரம் தடைப்பட்டோ எந்திரங்கள் நின்றுவிட்டால், கழிவுநீர் வருவது நிற்காது. அது அப்படியே ஆற்றுக்குப் போய்விடும். ஆறு நாறுவதும் நாறாமல் இருப்பதும் பல ஊர்களில் இந்த மின்கட்டணத்தைப் பொறுத்திருக்கிறது. ஆகவே, மின்சாரம் எங்கே செலவாகிறது, எங்கே மிச்சமாகும், எங்கே கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளையும் பௌதிக மாணவர்களாக நின்று ஆராய்வோம்.

நீரைத் தூக்கும் வேலை

முதற்செலவு பம்புகளுக்கு. குடிநீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். தாழ்ந்த இடத்தில் சேரும் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகளுக்கு ஏற்ற வேண்டும். இந்த வேலையின் அளவு நீங்கள் வகுப்பில் படித்ததுதான்: நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை.

1000 லிட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். அதை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் செய்ய வேண்டிய வேலை 1000 × 9.8 × 30 = 2,94,000 ஜூல். நம் வீட்டு மீட்டர் காட்டும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36,00,000 ஜூல். எனவே, தேவை 0.08 யூனிட்டுக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

ஆனால் எந்தப் பம்பும் தான் பெறும் ஆற்றல் முழுவதையும் நீருக்குக் கொடுப்பதில்லை. மோட்டார் சுடுகிறது, பம்பினுள் நீர் சுழன்று வீணே கலங்குகிறது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 சதவீதப் பயனுறுதிறனுடன் வேலை செய்தால், தேவை ஏறத்தாழ 0.136 யூனிட்டாக உயர்கிறது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீரை ஏற்றும் ஊருக்கு இது 1,360 யூனிட். பயனுறுதிறனை 75 சதவீதமாக உயர்த்திவிட்டால் 1,090 யூனிட் போதும். தேய்ந்த பம்பை மாற்றிப் பொருத்தமான பம்பை வைப்பதாலேயே தினமும் 270 யூனிட் மிச்சம்.

குழாயின் உராய்வு இன்னொரு செலவு. பெரிய குழாய்களில் உராய்வால் இழக்கும் அழுத்தம், நீரின் வேகத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது திறன். ஆகவே உராய்வுக்காகச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஓட்டத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அத்திறன் 0.8 × 0.8 × 0.8 = 0.512, அதாவது ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது!

இந்த மும்மடி விதியை அறியாமல் பல இடங்களில் என்ன செய்கிறார்கள்? பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, நீர் அதிகம் என்றால் வால்வைத் திருகிப் பாதி மூடுகிறார்கள். இது மிதிவண்டியில் பெடலை முழுமூச்சாக மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது போன்றது. மோட்டாரின் வேகத்தையே தேவைக்கேற்பக் குறைக்கும் மின்னணுச் சாதனங்கள் இன்று உள்ளன. ஒன்றை மறவாதீர்கள். இந்தச் சலுகை உராய்வுக்கு மட்டுமே. நீரை 30 மீட்டர் உயர்த்தும் வேலையில், மெதுவாக உயர்த்தினாலும் விரைவாக உயர்த்தினாலும், ஒரு லிட்டருக்கான ஜூல் கணக்கு மாறாது.

பாக்டீரியாக்களுக்கு மூச்சு

கழிவுநீர் நிலையத்தில் பம்பைவிடப் பெரிய செலவாளி ஒன்று உண்டு. அதுதான் காற்றூதி. பொதுவாக நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை அதுவே விழுங்கிவிடுகிறது. கழிவுநீருக்குக் காற்று எதற்கு?

1914-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் தம் சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். கழிவுநீரினுள் தொடர்ந்து காற்றைச் செலுத்தினார்கள். நீர் தெளிவதற்குப் பல வாரங்கள் ஆயின. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை மட்டும் வைத்துக்கொண்டு, புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றைச் செலுத்தினார்கள். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்தபோது, வாரக்கணக்கில் நடந்த வேலை சில மணி நேரத்தில் முடியலாயிற்று. காரணம், அந்தச் சேறு வெறும் சேறன்று. கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழும் உயிருள்ள சேறு. அழுக்கே அவற்றின் உணவு. காற்றிலுள்ள ஆக்சிஜனே அவற்றின் மூச்சு. உலகின் பெரும்பாலான நகரங்கள் இன்றும் இந்த முறையையோ இதன் வழிவந்த முறைகளையோ பின்பற்றுகின்றன.

ஆக்சிஜனை நீரில் கரைப்பது எளிதன்று. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நல்ல நீர், சாதாரணக் காற்றிலிருந்து ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்துக்கொள்ளும். பாக்டீரியாக்கள் அதை உடனுக்குடன் தீர்த்துவிடுகின்றன. ஆகவே ஓயாமல் ஊத வேண்டியிருக்கிறது. இங்கே சிக்கனம் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, குமிழியைச் சிறிதாக்குவது. ஆக்சிஜன் குமிழியின் மேற்பரப்பு வழியாகவே நீருக்குள் நுழைகிறது. ஒரு லிட்டர் காற்றை 1 செ.மீ. விட்டமுள்ள குமிழிகளாக விட்டால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 0.6 சதுர மீட்டர். அதே காற்றை 2 மி.மீ. குமிழிகளாக விட்டால் 3 சதுர மீட்டர். ஐந்து மடங்கு! மேலும், சிறு குமிழி மெதுவாக மேலேறுவதால் நீருக்குள் அதிக நேரம் தங்குகிறது. இதற்காகவே தொட்டியின் அடியில் நுண்துளைகள் கொண்ட ரப்பர் தகடுகளைப் பொருத்துகிறார்கள். அத்துளைகள் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது சுத்தம் செய்யாவிட்டால் காற்றூதி அதிக அழுத்தத்தில் ஊத நேர்ந்து, மிச்சப்பட்டது கைவிட்டுப் போய்விடும்.

இரண்டாம் வழி, தேவைக்கு மேல் ஊதாமல் இருப்பது. ஆக்சிஜன் கரையும் வேகம், நீர் இன்னும் எவ்வளவு கொள்ளும் என்னும் வேறுபாட்டைப் பொறுத்தது. தொட்டி நீரில் லிட்டருக்கு 2 மி.கி. ஆக்சிஜன் இருந்தால் வேறுபாடு 8 − 2 = 6. அங்கே 5 மி.கி. இருக்கும்படி ஊதினால் வேறுபாடு 8 − 5 = 3. அதாவது, அதே அளவு ஆக்சிஜனை உள்ளே செலுத்த இருமடங்கு காற்று வேண்டும். பாக்டீரியாக்களுக்குப் பெரும்பாலும் 2 மி.கி. போதுமானது. எனவே, நீரில் ஆக்சிஜனை அளக்கும் ஒரு சிறு கருவியை வைத்து, அதன்படி காற்றூதியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினாலே பெருமளவு மின்சாரம் மிச்சமாகிறது.

அழுக்கின் ஆற்றல் கணக்கு

இப்போது வரவுப் பக்கத்துக்கு வருவோம். 1776-ஆம் ஆண்டில் இத்தாலியின் மாஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, அதிலிருந்து வந்த குமிழிகளைச் சேகரித்தார் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா. மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான். அந்த வாயு எரிந்தது. அதுவே மீத்தேன். சாண எரிவாயுவிலும் கழிவுநீர் எரிவாயுவிலும் எரிவது இதுதான்.

கழிவுநீர் நிலையத்தில் அடியில் படியும் சேற்றைப் பொறியாளர்கள் கசடு என்பார்கள். அதை மூடிய பெருங்கலன் ஒன்றில் இட்டு, நம் உடற்சூட்டை ஒத்த வெப்பநிலையில் இரண்டு மூன்று வாரங்கள் வைத்திருந்தால், ஆக்சிஜன் இன்றி வாழும் பாக்டீரியாக்கள் அதைச் செரித்து மீத்தேனாக்குகின்றன. இதைச் செரிப்புக் கலன் என்போம். வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம் மீத்தேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. அந்த வாயுவில் ஓடும் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றுகிறது.

எவ்வளவு கிடைக்கும்? அழுக்கின் அளவை, அதை முழுவதும் எரிக்க எத்தனை கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது வழக்கம். ஒரு கிலோகிராம் ஆக்சிஜன் தேவைப்படும் அழுக்கில் ஏறத்தாழ 140 இலட்சம் ஜூல் இரசாயன ஆற்றல் உள்ளது. சாதாரண வீட்டுக் கழிவுநீரில் 1000 லிட்டருக்கு 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் 70 இலட்சம் ஜூல். அதாவது ஏறத்தாழ 2 யூனிட். அதே 1000 லிட்டரைச் சுத்திகரிக்க, 0.4 யூனிட் மின்சாரம் ஆகிறது என்று கொள்வோம். வரவு, செலவைப் போல் ஐந்து மடங்கு!

பின் ஏன் எல்லா நிலையங்களும் மின்வாரியத்துக்குக் கட்டணம் கட்டுகின்றன? படிப்படியாக இறங்கிப் பார்ப்போம். 2 யூனிட் ஆற்றலில் பாதிதான் கசடாகிச் செரிப்புக் கலனுக்குப் போகிறது. மறுபாதியைக் காற்றுத்தொட்டியின் பாக்டீரியாக்களே எரித்துத் தீர்த்துவிடுகின்றன. மீதம் 1 யூனிட். கசட்டிலும் பாதிதான் மீத்தேனாகிறது. மறுபாதி செரியாமல் எருவாக நிற்கிறது. மீதம் 0.5 யூனிட். எஞ்சின் ஒரு வெப்ப எந்திரம். வெப்ப ஆற்றல் முழுவதையும் எந்த வெப்ப எந்திரத்தாலும் வேலையாக மாற்ற முடியாது என்பது வெப்ப இயக்கவியல் விதி. நல்ல எஞ்சின் 40 சதவீதத்தை மின்சாரமாக்கினால், கைக்கு வருவது 0.2 யூனிட். தேவையோ 0.4. ஆக, பாதித் தேவைதான் நிறைவேறுகிறது.

எஞ்சினில் மின்சாரமாகாத வெப்பம் முழுவதும் வீண் என்று எண்ண வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் சுடுநீர்தான் செரிப்புக் கலனைச் சூடாக வைத்திருக்கிறது.

ஆல்ப்ஸ் மலையடியில் ஒரு நிலையம்

இந்தப் பாதியை முழுமையாக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டிய நிலையங்களுள் ஒன்று ஆஸ்திரியா நாட்டில் திரோல் மாநிலத்தில் ஸில்லர் பள்ளத்தாக்கின் வாயிலிலுள்ள ஸ்ட்ராஸ் என்னும் ஊரில் இருக்கிறது. சுற்றியுள்ள மலைப் பள்ளத்தாக்குகளின் ஊர்களிலிருந்து கழிவுநீர் அங்கே வருகிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வரும் பயணிகளால் அதன் சுமை பெருகும். கோடையில் 60,000 பேருக்குச் சமமான சுமை, குளிர்காலத்தில் 2,50,000 பேர் வரை உயர்ந்துவிடுவதுண்டு.

1996-இல் இந்நிலையம் தன் மின்தேவையில் 49 சதவீதத்தைத் தானே ஆக்கிக்கொண்டது. 2005-இல் அது 108 சதவீதமாயிற்று. அதாவது, தன் தேவை போக மிச்சத்தை வெளியே கொடுத்தது. நம் எடுத்துக்காட்டுக் கணக்கில் வந்த பாதியிலிருந்து முழுமைக்குப் போனது எப்படி? ஒரே மந்திரத்தால் அன்று. படிக்குப் படி கிடைத்த சிறு ஆதாயங்களால்.

முதற்படி, அழுக்கைக் காற்றுத்தொட்டியில் எரியவிடாமல் செரிப்புக் கலனுக்குக் கொண்டுபோவது. வைக்கோல் வண்டியை இழுத்துச் செல்லும் மாடு வழியிலேயே வைக்கோலைத் தின்றுகொண்டு போனால், களத்துக்கு என்ன மிஞ்சும்? காற்றுத்தொட்டியில் நடப்பது அதுதான். தின்பதற்காக அதற்குக் காற்றுக் கூலி வேறு கொடுக்கிறோம்! ஸ்ட்ராஸில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டத்தில் நீர் சிறிது நேரமே தங்குகிறது. அங்குள்ள உயிர்ச்சேற்றை அரை நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. அப்பாக்டீரியாக்கள் அழுக்கைப் பற்றிக்கொள்கின்றன. அதை எரித்து முடிக்க அவகாசம் இல்லை. அதற்குள் அவற்றை அள்ளிச் செரிப்புக் கலனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவ்வாறு அழுக்கில் ஏறத்தாழ 60 சதவீதம் முதற்கட்டத்திலேயே பிரிந்துவிடுகிறது. ஜெர்மனியின் ஆஹன் நகரில் போத்தோ போன்கே என்ற பேராசிரியர் 1970-களில் வகுத்த முறை இது.

அடுத்த படி எஞ்சின். 2001-இல் பழையதை மாற்றி, ஏறத்தாழ 40 சதவீதப் பயனுறுதிறன் கொண்ட புதிய எஞ்சினை வைத்தார்கள். காற்றூதிகளை அளவறிந்து ஓட்டினார்கள். கடைசிப் படி நைட்ரஜன். அதில் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

தாளில் பிறந்த பாக்டீரியா

சிறுநீரிலும் உணவுக் கழிவிலும் உள்ள நைட்ரஜன், கழிவுநீரில் அம்மோனியாவாக நிற்கிறது. அதை நீக்காவிட்டால் ஆற்றில் மீன்கள் நஞ்சேறிச் சாகும், பாசி பெருகும். வழக்கமான முறையில், முதலில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் நிறைய ஆக்சிஜனைச் செலவிட்டு அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன்! பிறகு வேறுவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. இவற்றுக்கு உணவாக அழுக்கும் தேவை. ஆக, இரட்டை நட்டம்: மின்சாரமும் போகிறது, மீத்தேனாகியிருக்க வேண்டிய அழுக்கும் போகிறது.

1977-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் எங்கல்பர்ட் புரோடா என்ற பௌதிக இரசாயன அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். அம்மோனியமும் நைட்ரைட்டும் நேரே சேர்ந்து நைட்ரஜன் வாயுவும் நீரும் ஆனால், அந்த வினையில் ஆற்றல் வெளிப்படும். ஒரு மோல் அம்மோனியத்துக்கு ஏறத்தாழ 357 கிலோஜூல். ஆற்றல் கிடைக்கும் இடத்தில் அதை உண்டு வாழும் உயிரும் இருக்க வேண்டுமே! அப்படி ஒரு பாக்டீரியாவை யாரும் கண்டதில்லை. ஆயினும், இயற்கையில் அது விட்டுப்போயிருக்கிறது, தேட வேண்டும் என்று எழுதினார். ஆய்வுக்கூடத்தில் பிறப்பதற்கு முன்னால் தாளில் பிறந்த பாக்டீரியா அது.

புரோடா 1983-இல் காலமானார். 1990-களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஒரு ஈஸ்ட் தொழிற்சாலையின் கழிவுநீர்க் கலனில் ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியா மறைவதைக் கண்டு ஆராய்ந்தார்கள். 1995-இல் முடிவு வெளியாயிற்று. புரோடா சொன்ன வினையே அங்கு நடந்தது. செந்நிறமான அந்தப் பாக்டீரியாக்கள் இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிகள். ஆனால் சிக்கனக்காரர்கள். அம்மோனியாவில் பாதியளவை நைட்ரைட்டாக மட்டும் ஆக்கிக் கொடுத்தால் போதும். மற்றதை அவை பார்த்துக்கொள்ளும். ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது. அழுக்கு உணவும் வேண்டுவதில்லை.

2002-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் இவற்றுக்கான முதல் பெரிய கலன் இயங்கத் தொடங்கியது. 2004-இல் ஸ்ட்ராஸ் நிலையம் இவற்றைச் செரிப்புக் கலனிலிருந்து வடியும் வெதுவெதுப்பான, அம்மோனியா மிகுந்த நீரில் வேலைக்கு வைத்தது. மெதுவாகப் பெருகும் இந்தப் பாக்டீரியாக்கள் நீரோடு அடித்துச் செல்லப்பட்டால் நட்டம் அல்லவா? அதற்கும் ஒரு பௌதிக வழி கண்டார்கள். இவை பருக்கைகளாகத் திரண்டு மற்றச் சேற்றைவிடக் கனமாக இருக்கின்றன. ஒரு கூம்புக் குழாயில் நீரைச் சுழலவிட்டால் கனமான பருக்கைகள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே இறங்குகின்றன. அவற்றைத் திரும்பக் கலனில் விடுகிறார்கள். நெல்லைத் தூற்றும்போது மணியும் பதரும் பிரிவதைப் போல! வியன்னாவில் தாளில் எழுதிய கணக்கு, கால் நூற்றாண்டு கழித்து அதே நாட்டில் மின்கட்டணத்தைக் குறைத்தது.

நம் நாட்டில்

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர் நிலையங்களில், 2000-களின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட பகுதிகளில், செரிப்புக் கலன்களும் எரிவாயு எஞ்சின்களும் அமைக்கப்பட்டன. நகரின் கழிவிலிருந்து வந்த வாயு, அந்நகரின் கழிவைச் சுத்திகரிக்க மின்சாரம் கொடுத்தது.

வெயில் நமக்கு ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரியாவின் குளிர்ந்த கசட்டைச் சூடாக்க நிறைய வெப்பம் வேண்டும். நம் கழிவுநீரோ இயல்பாகவே 25 முதல் 30 டிகிரி வரை இருப்பதால் செரிப்புக் கலனுக்குச் சிறிதளவு வெப்பம் போதும். ஆனால், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மி.கி. கரைகிற இடத்தில், 30 டிகிரியில் 7.5 மி.கி. மட்டுமே. ஆகவே, காற்றூதியில் சிக்கனம் நமக்கு அவர்களைவிட முக்கியம்.

வெப்ப நாடுகளில் காற்றே ஊதாமல், கழிவுநீரை நேரடியாக மூடிய கலனில் கீழிருந்து மேலாகச் செலுத்தி மீத்தேனாக்கும் முறையும் உண்டு. கான்பூரில் 1989-இல் நாளொன்றுக்கு 50 இலட்சம் லிட்டர் கொள்ளளவுடன் அத்தகைய நிலையம் தொடங்கப்பட்டது. இதில் காற்றுச் செலவு இல்லை. ஆனால், நீர் முழுவதும் தூய்மையாவதில்லை. அடுத்து இன்னொரு கட்டம் வேண்டும். மீத்தேனில் ஒரு பகுதி நீரில் கரைந்தபடியே வெளியேறியும்விடுகிறது.

சூரிய ஒளித் தகடுகளை வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அகன்ற இடமுள்ள நிலையங்களில் வைக்கத்தான் செய்கிறார்கள், நல்லதே. ஆனால் சூரியன் மாலையில் மறைந்துவிடும்; சாக்கடைக்கு இரவு விடுமுறை இல்லை. எரிவாயுவை ஒரு கூண்டில் சேமித்து வைத்து, வேண்டும்போது எரிக்கலாம். பகலில் தகடும் இரவில் வாயுவும் கைகோத்துக்கொண்டால் இரண்டுக்கும் பெருமை.

இரண்டு எச்சரிக்கைகள்

மீத்தேனை எரிக்காமல் காற்றில் விடுவது பெரும் தவறு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோகிராம் மீத்தேன், ஒரு கிலோகிராம் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கலனில் கசிவு இருந்தால், மின்சாரத்தில் செய்த நன்மை காற்றில் கரைந்துவிடும்.

இரண்டாவது எச்சரிக்கை உயிரைப் பற்றியது. இந்த வாயுவோடு ஹைட்ரஜன் சல்பைடும் கலந்து வரும். எஞ்சினை அரிக்கும் என்பதால் அதை முதலில் பிரித்தெடுக்கிறார்கள். மனிதருக்கு அது கொடிய நஞ்சு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் என்று படித்திருப்பீர்கள். செறிவு அதிகமானால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. சாக்கடைக் குழிகளில் இறங்கியவர்கள் மாண்ட செய்திகள் இன்னும் வருகின்றன. பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் அத்தகைய குழிகளையோ தொட்டிகளையோ திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

கணக்கின் முடிவு

நம் எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். 2 யூனிட்டில் பாதிக்குப் பதிலாக 60 சதவீதத்தைக் கசடாக்கினால் 1.2 யூனிட். அதில் 60 சதவீதத்தை மீத்தேனாக்கினால் 0.72 யூனிட். எஞ்சினில் 40 சதவீதம் மின்சாரமானால் 0.288 யூனிட். செலவுப் பக்கத்தில் பம்பிலும் காற்றிலும் நைட்ரஜனிலும் சிக்கனம் செய்து 0.4 யூனிட்டை 0.28 ஆக்கினால், வரவு செலவைச் சற்றே மிஞ்சிவிடுகிறது! எந்தப் படியிலும் ஆற்றலை நாம் படைக்கவில்லை; ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் தராது. முன்பு வீணாகப் போன வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தோம், அவ்வளவே. ஒவ்வொரு படியிலும் கிடைத்தது பத்து சதவீதம்தான். ஆனால் பெருக்கல் கணக்கில் பத்துகள் சேர்ந்தால், மின்சாரத்துக்குக் கையேந்திய நிலையம் தன் காலில் நிற்கிறது; மின்வெட்டு நாளிலும் ஆறு ஆறாகவே ஓடுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் பள்ளியின் மேல்நிலைத் தொட்டி எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது? எத்தனை லிட்டர் கொள்ளும்? கிணற்றின் நீர்மட்டத்தையும் சேர்த்து உயரத்தைக் கணக்கிட்டு, அதை ஒருமுறை நிரப்பத் தேவையான யூனிட்டைக் கண்டுபிடியுங்கள். பம்பு ஓடும்போது மீட்டரில் கூடும் யூனிட்டை ஆசிரியரின் உதவியோடு குறித்துக்கொண்டு, பம்பின் பயனுறுதிறனைக் கணக்கிடுங்கள்.

2. ஒரு குழாய் நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகுகிறது. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனில் ஒரு நாளில் எத்தனை லிட்டர் வீணாகும்? (விடை: 4.32 லிட்டர்.) உங்கள் தெருவில் இத்தகைய 100 குழாய்கள் இருந்தால், ஓராண்டில் அந்த நீரை 30 மீட்டர் ஏற்ற 60 சதவீதப் பயனுறுதிறன் கொண்ட பம்புக்கு எத்தனை யூனிட் செலவாகும்? (விடை: ஏறத்தாழ 21 யூனிட்.)

3. உராய்வு மட்டுமே உள்ள ஒரு குழாயில் ஓட்டத்தைப் பாதியாக்கி, பம்பை இருமடங்கு நேரம் ஓட்டினால், அதே அளவு நீரை அனுப்ப ஆகும் ஆற்றல் எத்தனையில் ஒரு பங்காகும்? (விடை: நான்கில் ஒரு பங்கு.) காரணத்தை மும்மடி விதியைக் கொண்டு விளக்குங்கள்.